மீட்டு வளர்த்த 11 மாத நாயை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (வேளச்சேரி)

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தெருமுனை வடிகாலிலிருந்து தூக்கி வந்த பெண் நாட்டு நாய்க்குட்டிக்கு இப்போது 11 மாதம் ஆகிறது. செவலை என்று பெயரிட்டோம். யார் வந்தாலும் மார்பு உயரத்துக்குத் தாவுகிறாள். விளையாடும்போது கையைக் கவ்வுகிறாள். சோற்றுத் தட்டின் அருகே போனால் உடல் விறைத்து உறுமுகிறாள். போன வாரம் அவள் தாவியதில் 74 வயதான என் மாமனார் நிலைதடுமாறிக் கதவில் தோளை இடித்துக்கொண்டார். நானும் கணவரும் வேலைக்குச் சென்றுவிட்டால் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால், மனம் வராவிட்டாலும், அவளை வேறு இடத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். மதுராந்தகம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர், காவலுக்குக் கட்டிப்போட்டு வளர்க்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா? உறுமுவதைச் சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சொல்லாதே என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

மறுமொழி 1

சகோதரி, பல ஆண்டுகளாக நாய்களைப் பழக்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், தோப்புக்குக் கொடுக்காதீர்கள். மனிதரோடு படுத்து உறங்கி வளர்ந்த இளம் நாயைச் சங்கிலியில் கட்டிப்போட்டால், ஓடித் தீர்க்க வழியில்லாத அந்தத் துடிப்பு குரைப்பாகவும் சீற்றமாகவும் மாறும். பிறகு அவளை எந்த வீட்டிலும் சேர்க்க முடியாமல் போய்விடும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். நீங்கள் சொல்வதில் பாதி அந்த வயதின் வேலைதான். இன்று முதல் அவள் தாவினால் யாரும் திட்டவோ கையால் தள்ளவோ வேண்டாம், ஏனெனில் அவளுக்கு அதுவும் விளையாட்டுதான். முகத்தைத் திருப்பி அசையாமல் நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் குனிந்து தடவிக் கொடுங்கள். ஒருவர் கொஞ்சி ஒருவர் விரட்டினால் எந்தப் பாடமும் நிலைக்காது, வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். மாமனாரை இதில் ஈடுபடுத்த வேண்டாம். அவர் நடமாடும் இடத்துக்கும் அவளுக்கும் இடையே இடுப்பளவு தடுப்புக் கதவு ஒன்று வையுங்கள்.

தட்டு விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். உறுமினால் அடிக்காதீர்கள், தட்டைப் பிடுங்காதீர்கள். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் பழகிவிடும். அவள் தின்னும்போது, விறைக்காத தொலைவில் நடந்து கொண்டே, தட்டில் இருப்பதைவிடச் சுவையான அவித்த கோழித் துண்டு ஒன்றை அவள் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். சில நாட்களில் உங்கள் காலடி கேட்டதும் தலை நிமிர்ந்து வாலாட்டுவாள். அப்போது ஓர் அடி நெருங்கலாம், அதற்கு முன் வேண்டாம். காலையும் மாலையும் அரை மணி நேரம், அவசரப்படுத்தாமல், அவள் விருப்பம்போல் மோப்பம் பிடிக்க விட்டு நடத்திச் செல்லுங்கள்.

மறுமொழி 2

சகோதரி, மறைக்காதீர்கள். நான் தத்தெடுத்த நாய் எலும்பைக் காக்கும் பழக்கம் உள்ளது என்பதைக் கொடுத்தவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள், கட்டிலுக்கடியில் அது எலும்போடு கிடந்தது தெரியாமல் பந்தை எடுக்கக் கைவிட்ட என் மகளின் விரலைக் கடித்துவிட்டது. 15 நிமிடம் குழாய் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவமனைக்கு ஓடி, தடுப்பூசி முழுவதும் போட்டோம். அந்தப் பழக்கம் எனக்கு முன்பே தெரிந்திருந்தாலும் அந்த நாயை எடுத்திருப்பேன். எலும்பை மட்டும் தனியறையில் கொடுத்திருப்பேன். நாய் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் கொடுத்தவர்மீது இன்னும் வருத்தம் தீரவில்லை.

சிறு குழந்தையோ தள்ளாத முதியவரோ இல்லாத, பகலில் ஒருவராவது இருக்கும் வீடாகப் பாருங்கள். முதலில் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு வாரம் பழகிப் பார்க்கட்டும். ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாரிடமும் கைமாற்றக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

மறுமொழி 3

கருத்தடை அறுவை செய்துவிட்டே கொடுங்கள். அடுத்த ஆண்டு நான்கைந்து குட்டிகள் தெருவுக்கு வராமலிருக்க அதுவே வழி. வெறிநோய்த் தடுப்பூசி அட்டையும் கூடவே போகட்டும். யாரும் கிடைக்கவில்லை என்று எங்காவது கொண்டு போய் விட்டுவிடாதீர்கள், பசிதாகத்தில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தோப்புக்காரரிடம் மறுத்துவிட்டோம். அறுவைக்கு அடுத்த வாரம் நாள் வாங்கியிருக்கிறோம். தச்சர் வந்து கூடத்துக்குத் தடுப்புக் கதவு அளவெடுத்துப் போனார். தாவுவாள், தட்டருகே உறுமுவாள் என்பதை முதல் வரியிலேயே எழுதி, தெரிந்தவர்களுக்கு அனுப்பியதில், கணவனும் மனைவியும் மட்டும் உள்ள குரோம்பேட்டை வீட்டிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செவலையை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய் அவர்களைப் பார்த்து வருகிறோம். நேற்றிரவு நான் கோழித் துண்டைப் போட்டுவிட்டு நடந்தபோது அவள் உறுமவில்லை.