ரத்த ஓட்டமும் குழாயின் உள்சுவரும்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

வடக்குத்தெரு:
அப்பாவுக்கு இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இணைப்பு. டயாலிசிஸ் உள்ள வீடுகளுக்குத் தெரியும், காலையில் எழுந்ததும் அதில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. உர்ரென்று அதிரும். அன்றைக்கு அதிரவில்லை. காது வைத்துக் கேட்டேன், அந்த இரைச்சலும் இல்லை. அப்பாவோ "குளிருக்கு அப்படித்தான் இருக்கும், காபி போடு" என்கிறார். ஸ்கேனில், தமனியும் சிரையும் சேரும் இடத்தை ஒட்டியே குறுகல், அதன் மேல் ரத்தம் உறைந்திருக்கிறது. எனக்கு ஆறாதது இதுதான்: அந்தச் சிரை நன்றாகத்தானே பெருத்தது? நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம், 6 மி.மீ. அகலம் என்று கணக்குப் பார்த்துத்தானே ஊசி போட ஆரம்பித்தார்கள்? பெருக்க வைத்த ஓட்டமே அடைக்கவும் வைக்குமா?

ஆய்வக_எலி:
வைக்கும், ஆனால் இரண்டும் ஒரே மாதிரி ஓட்டம் இல்லை. நேராகப் போகும் இடத்தில் ரத்தம் சுவரை ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போகிறது. உள்சுவர் செல்கள் அதை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு விடும், குழாய் விரியும். இணைப்பை ஒட்டிய வளைவில் ஓட்டம் சுழல்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னும் பின்னும் போகிறது. அங்கே செல்கள் அழற்சிப் பக்கம் சாய்கின்றன, அடியில் இருக்கும் தசைச் செல்கள் பெருகி உள்ளே தடிக்கின்றன.

நான் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்களை வளர்ப்பவன். சதுர செ.மீ.க்கு 15 டைன் (விசையின் சிறு அலகு) இழுவிசையில் ஓட்டத்தைத் திறந்துவிட்டுப் போனால், மாலையில் கூழாங்கல் பரப்பியது போலக் கிடந்தவை மறுநாள் நீண்டு, ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். அதைப் பார்க்கத்தான் ஒருநாள் சீக்கிரம் வந்தேன். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போதே குழாயில் ஒரு காற்றுக்குமிழி வந்தது. அது போன தடம் முழுக்க வெறும் கண்ணாடி, ஒரு செல் இல்லை.

கனல்:
இவ்வளவு சுற்ற வேண்டாம். வேகமாக ஓடும் ரத்தம் சுவரைத் தேய்த்துப் புண்ணாக்குகிறது, புண்ணில் கொழுப்பு ஒட்டுகிறது. பெரியப்பாவுக்கு பிரஷர் 200, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு. வேறென்ன வேண்டும்?

டாப்ளர்_அக்கா:
கனல் தம்பி, பிரஷர் வேறு, இழுவிசை வேறு. பிரஷர் சுவரை வெளியே தள்ளும், இழுவிசை சுவரோடு உரசிப் போகும். நீங்கள் சொல்வது 1968-ல் டொனால்ட் ஃப்ரை என்ற ஆய்வாளர் சொன்னதுக்குக் கிட்ட வருகிறது. நாயின் பெருந்தமனியில் சுமார் 400 டைன் வரை போனபோதுதான் செல்கள் சிதைந்தன. நம் தமனிகளில் வழக்கமாக 10, 20 என்று இருக்கும். அடுத்த வருஷமே லண்டனில் காலின் கேரோவும் கூட்டாளிகளும் தலைகீழாகச் சொன்னார்கள்: இழுவிசை குறைந்த இடத்தில்தான் கொழுப்புப் படிகிறது என்று. அதுதான் நின்றது. உங்கள் பெரியப்பாவின் பிரஷருக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரஷர் உடம்பெங்கும் இருக்க, அடைப்பு ஏன் கிளை பிரியும் இடமாகப் பார்த்து வருகிறது?

கரோட்டிட் (கழுத்துத் தமனி) ஸ்கேனில் ஒரு அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் முழுக்கச் சிவப்பு, கிளை பிரியும் இடத்தின் புடைப்பில், வெளிச்சுவரை ஒட்டி ஒரு துண்டு நீலம். "என்னம்மா அது, கெட்ட ரத்தமா?" என்று என் கையைப் பிடித்துவிட்டார், புரோப் நழுவியது. ரத்தம் அங்கே கொஞ்சம் பின்னோக்கித் திரும்புகிறது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அது உண்மை. பின்னாளில் அடைப்பு வந்தால் முதலில் வருவதும் பெரும்பாலும் அந்த மூலையில்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

திண்ணை:
எனக்குப் பெரிய கதையில்லை, ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்து கால் மரத்தது, அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைச் செய்யுங்கள். உட்கார்ந்தால் முட்டிக்குப் பின்னால் ஓட்டம் மந்தமாகிவிடும். 2016-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 3 மணி நேரம் உட்கார வைத்து, ஒரு காலை மட்டும் அவ்வப்போது ஆட்டச் சொன்னார்கள். ஆட்டாத காலில் தமனியின் விரியும் திறன் குறைந்தது, ஆட்டிய காலில் குறையவே இல்லை. காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று திட்டு வாங்கியவர்கள் நிம்மதியாக ஆட்டலாம். டிவி பார்க்கும்போது ஆட்டுங்கள், ஆபீஸில் மேசைக்கு அடியில் ஆட்டுங்கள், அரைமணிக்கொருமுறை எழுந்து நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். வடக்குத்தெரு அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

ஆய்வக_எலி:
திண்ணை, டயாலிசிஸ்காரரிடம் போய்த் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லாதீர்கள், அவருக்கு அளவு உண்டு. நீங்கள் சொன்ன ஆய்வில் இருந்ததும் 11 பேர், எல்லோரும் இளவட்டம், நோயில்லாதவர்கள். வடக்குத்தெரு, அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்ட விடாதீர்கள், டயாலிசிஸ் தவிர வேறெதற்கும் ஊசி போட விடாதீர்கள். பலூன் வைத்து விரித்தாலும் அந்த வளைவு மறுபடி குறுகலாம். அதிர்வு நின்றால் அன்றைக்கே ஓடுங்கள், காபி அப்புறம்.