கிளுவை வேலியைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டார்கள், என்ன தண்டனை?

காங்கேயம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு, அதாவது மாடு மேய்க்கிற மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் அப்பாரு காலத்தில் நட்டு வளர்த்த கிளுவைச் செடி உயிர்வேலி. போன வாரம் பக்கத்துக் காட்டுக்காரர் வண்டித்தடம் வேண்டுமென்று அறுபது அடி வேலியை ராத்திரியோடு பிடுங்கிவிட்டார். மாடுகளை அவிழ்த்துவிட முடியவில்லை, கட்டுத்தறியிலேயே நிற்கின்றன. கம்பி வேலி என்றால் நாளைக்கே கட்டிவிடலாம். கிளுவை அடைந்து வர எத்தனை வருஷம்! பார்க்கவே வயிறு எரிகிறது. இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

பதில் 1:
பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) பிரிவு 324, சொத்தை நாசம் செய்தல். 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடப்பு. சாதாரணமாக 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இழப்பு 20,000 ரூபாயைத் தொட்டால் 2 வருஷம் வரை. ஒரு லட்சம் என்றால் 5 வருஷம் வரை. அதனால் மதிப்பீடுதான் முக்கியம். கிளுவைப் போத்து (நடுகிற குச்சி), நடவுக் கூலி, வாங்கிப்போடும் தீவனம் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுங்கள்.

பதில் 2:
அண்ணா, முதலில் அத்து (நில எல்லை) அளந்துவிடுங்கள். "என் நிலம் என்றுதான் எடுத்தேன்" என்று அவர் சொன்னால் வழக்கு சிவில் பக்கம் போய்விடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

கேட்டவர்:
சரிங்க. புலப்படம் கையில் இருக்கிறது. நாளைக்கே சர்வேயருக்கு மனு கொடுக்கிறேன். போட்டோவும் எடுத்துவிட்டேன். அப்புறம், பிடுங்கிய கிளுவையில் பச்சை இருக்கிறது, திரும்ப நட்டால் பிழைக்குமா?

பதில் 2:
பிழைக்கும். ஆனால் போலீஸ் வந்து பார்க்கும்வரை எதையும் நகர்த்தாதீர்கள்.