மறு: பெர்ஃபோமன்ஸ் பிரேக் ரோட்டர் – சுழலியா, வட்டா?

வணக்கம்.
வாகனக் கலைச்சொற்களில் பிரேக் பகுதி இன்னும் முடியவில்லை. காட்டுப்பாதையில் ஓடும் ஜீப்புகளுக்கென்று ‘பெர்ஃபோமன்ஸ் பிரேக் ரோட்டர்’ (சில்லோடு சுழலும், பிரேக் இருபுறமும் பிடித்து நிறுத்தும் இரும்புத் தட்டு) விற்கிறார்களே, அதற்கு ‘செயல்திறன் தடுப்புச் சுழலி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். துளையிட்டது, கோடு வெட்டியது என்ற இரு வகைக்கும் பெயர் வேண்டும். மறுப்பிருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள்.
— தொகுப்பாளர், வெள்ளவத்தை

> செயல்திறன் தடுப்புச் சுழலி

மூன்று சொல்லிலும் மறுப்பிருக்கிறது, ஐயா.

‘சுழலி’ மோட்டாரிலும் மின்பிறப்பாக்கியிலும் ஏற்கெனவே வேலைக்கு நிற்கிறது. சில்லுப் பக்கம் பார்த்தால் ஹப்பும் (சில்லைப் பூட்டும் நடுப்பகுதி) சுழல்கிறது, ரிம்மும் சுழல்கிறது. ரோட்டர் என்பதே அமெரிக்கப் பேச்சு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரோட்டர் கேட்டால் “டிஸ்க்கா?” என்று திருப்பிக் கேட்பார்கள். ‘இறுவட்டு’ சொல்லிப் பழகியவர்களுக்கு ‘பிரேக் வட்டு’ உடனே விளங்கும். பிரேக்கைத் ‘தடுப்பு’ ஆக்கினால் சாலைத் தடுப்பா என்று கேள்வி வரும். ‘பிரேக்’கை அப்படியே விட்டுவிடலாம்.

‘செயல்திறன்’ விளம்பரம், பொருளின் பெயரல்ல. வட்டு சில்லை நிறுத்தும் திருப்புவிசை மூன்றால் வருகிறது: கலிப்பர் (வட்டை இருபுறமும் கவ்வும் இடுக்கி) அழுத்தும் விசை, பாட்டின் (வட்டில் உரசும் பிரேக் கட்டை) உராய்வு, பாட் பிடிக்கும் இடம் வட்டின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. கோடு வெட்டினாலும் துளை போட்டாலும் அழுத்தமும் தூரமும் மாறுவதில்லை. வெட்டிய கோடு பாட்டின் முகத்தை வழித்துத் தூசி, தண்ணீர், சூட்டில் வரும் வாயுவை வெளியேற்றும். அதற்கு விலையாகப் பாட் சீக்கிரம் தேயும், கொஞ்சம் இரைச்சலும் வரும்.

265/70 ஆர்16 டயரைக் கழற்றி 285/75 ஆர்16 போடுகிறவர்தான் பெரும்பாலும் இந்த வட்டைத் தேடி வருகிறார். டயரின் விட்டம் 777 மில்லிமீற்றரிலிருந்து 834 ஆகிறது. பெடலை அதேயளவு மிதித்தால் வீதியில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறக்குறைய 7 வீதம் குறைந்துவிடும். இதைக் கோடு வெட்டிய வட்டு ஈடுசெய்யாது. விட்டம் கூடிய வட்டும் அதற்கேற்ற கலிப்பர் பிராக்கெட்டும் வேண்டும், அல்லது உராய்வு கூடிய பாட் வேண்டும். பெரிய வட்டென்றால் கலிப்பர் ரிம்மில் முட்டுகிறதா என்று வாங்கமுதலே அளக்க வேண்டும். ‘செயல்திறன்’ என்ற சொல் இந்த வித்தியாசத்தை மூடிவிடுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் வடிவத்தால் பெயர் வைப்போம்:

மேற்பரப்பில் கோடாக வெட்டியது – சால் வட்டு.
ஊடறுத்துத் துளைத்தது – துளை வட்டு.
ஊடறுக்காமல் பள்ளம் மட்டும் போட்டது – குழி வட்டு.
இரு தட்டுக்கு நடுவே காற்று ஓடுவது – இடைக்காற்று வட்டு.

துளை வட்டைச் சேற்றில் ஓடும் வண்டிக்குப் போடவே வேண்டாம். செம்மண் சேறு துளைக்குள் இறுகிக் காய்ந்துவிடும், சிறுகல் சிக்கினால் பாட்டைக் கீறும். சூடேறிய வட்டை ஆற்றுத் தண்ணீரில் இறக்கினால் துளைக்குத் துளை வெடிப்பு ஓடலாம். துளைத்ததால் இரும்பு குறைகிறது, சூட்டை வாங்கிவைக்கும் கொள்ளளவும் குறைகிறது.
— பட்டறையிலிருந்து, கொட்டாஞ்சேனை

தம்பிக்கு,
‘சால்’ நல்ல சொல். உழவுசாலை அறியாதவர் இல்லை. ஆனால் இங்கே பாடநூலில் அதற்குத் ‘தவாளிப்பு’ இருக்கிறது. கப்பியின் தவாளிப்பு என்று படித்த பிள்ளை தவாளிப்பு வட்டு என்றால் தடுமாறாது. எழுத்து நீளம் ஒரு குறையா?

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு. 2,500 கிலோ வண்டி 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நின்றால் பிரேக்குக்குச் சூடாகப் போவது சுமார் 3.5 இலட்சம் யூல் சக்தி. அதே வண்டி 100 மீற்றர் உயரம் இறங்கினால் 24.5 இலட்சம் யூல், அதாவது ஏழு முறை முழுதாக நிறுத்தியதற்குச் சமம். றம்பொடை மலையிறக்கத்தில் கியரை இறக்காமல் பிரேக்கிலேயே வருகிறவரின் வட்டு அவ்வளவையும் வாங்க வேண்டும்.

அப்படிச் சூடேறியபின் பிரேக் பிடிக்காமல் போவதை ‘மங்கல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். விளக்கா மங்குவதற்கு? ‘சோர்வு’ என்று வையுங்கள். அதிலும் இரண்டைப் பிரிக்க வேண்டும். பெடல் கல்லுப்போல் நிற்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால் பாட் சோர்வு. பெடல் பஞ்சாகித் தரைவரை போனால் பிரேக் ஒயில் கொதித்துவிட்டது. அதை ‘ஒயில் கொதிப்பு’ என்றே சொல்லலாம். முன்னதற்கு வட்டும் பாட்டும் மாற்றலாம். பின்னதற்கு எந்த வட்டும் மருந்தாகாது. டொட் 4 தரப் பிரேக் ஒயிலின் கொதிநிலைக்குக் கீழெல்லை புதிதில் 230 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 155. கொழும்புக் காற்றின் ஈரத்தைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுவது நல்லது.
— இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர், தெகிவளை

சேர், சோர்வும் கொதிப்பும் சரி. தவாளிப்பைப் பாடநூலுக்கு விட்டுவிடுவோம். பட்டறையில் ஒரு பெடியன் படுத்துக்கொண்டு கத்திக் கேட்கும் சாமானுக்கு ஓரசைதான் தோது.

இனிச் சண்டைக்குரிய சொல். பெடல் துடித்தால் எல்லாரும் “டிஸ்க் வளைஞ்சிட்டுது” என்கிறார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. பழைய ஹப் முகத்தில் துரு இருக்க அதன்மேல் புது வட்டை ஏற்றினால் வட்டு சற்றே சரிந்து நிற்கும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பாட்டில் உரசும். சில ஆயிரம் கிலோமீற்றரில் அந்த இடம் மெலியும், துடிப்பு அப்போதுதான் தொடங்கும். தடிப்பு 0.02 மில்லிமீற்றர் வேறுபட்டாலே காலில் தெரியும். ‘வளைவு’ என்ற சொல்லை நம்பி வட்டை லேத்தில் வெட்டுகிறவர் ஹப்பைத் தொடுவதில்லை. இரண்டு மாதத்தில் வண்டி திரும்பி வரும்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும்: சுற்றும்போது வட்டின் முகம் பக்கவாட்டில் ஆடுவதற்குப் ‘பக்க நெளிவு’, இடத்துக்கிடம் தடிப்பு மாறுவதற்குத் ‘தடிப்பு வேறுபாடு’. முதலாவதை அளக்க ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வட்டை ஏற்றி, வொஷர் வைத்து நட் எல்லாவற்றையும் ஒரேயளவு இறுக்குங்கள். விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்து வட்டைச் சுற்றுங்கள். வண்டியின் கைநூல் சொல்லும் எல்லைதான் எல்லை, பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். தாண்டினால் வட்டை ஒரு போல்ட் துளை தள்ளிப் போட்டு மறுபடி அளக்கலாம். 80 வரிசை லேண்ட் குரூசரின் முன்பக்கத்தில் வட்டு ஹப்புக்குப் பின்னால் பூட்டியிருக்கும். ஹப்பையே கழற்ற வேண்டும், பெயாரிங் இறுக்கத்தையும் புதிதாக வைக்க வேண்டும். சில்லு நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடிக்காமல், எதிரெதிராக டோர்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் சாவி) இறுக்குங்கள்.

இரு தட்டுக்கு நடுவே வளைந்த இடைத்தகடு உள்ள இடைக்காற்று வட்டுகளுக்கு இடம், வலம் உண்டு. சாலின் சாய்வைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது, தயாரித்தவர் போட்ட குறியைப் பாருங்கள்.

கடைசியாக, புது வட்டையும் பாட்டையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதற்குப் ‘பதப்படுத்தல்’ வேண்டாம், ‘பழக்கல்’ என்போம். புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிறோமே, அதே காரியம்: பாட்டின் பொருள் மெல்லிய படையாக வட்டில் ஏற வேண்டும். வட்டில் பூசிவரும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தபின், 60 கிலோமீற்றரிலிருந்து 10 வரை எட்டுப் பத்துத் தடவை குறைக்க வேண்டும், முழுதாக நிறுத்தாமல். பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இடையில் நிறுத்திப் பெடலை மிதித்தபடி நின்றால் பாட்டின் அச்சு வட்டில் விழும், அதுவும் துடிக்கும். காலி நகருக்குப் போகும் நெரிசலான காலி வீதியில் பகலில் இதற்கு வழியில்லை, விடியமுன் போங்கள்.
— கொட்டாஞ்சேனை

பழக்கல் அருமை. ‘பக்க நெளிவு’க்கு உடன்பட மாட்டேன். துரு ஹப்பில், வட்டு நேராகத்தான் இருக்கிறது. நெளிவு என்றால் பழி மறுபடியும் வட்டில்தான் விழும். ‘பக்க விலகல்’ யாரையும் குற்றம் சொல்லாது.
— தெகிவளை

பிரேக் வட்டு, சால் வட்டு, துளை வட்டு, குழி வட்டு, இடைக்காற்று வட்டு, பாட் சோர்வு, ஒயில் கொதிப்பு, தடிப்பு வேறுபாடு, பழக்கல் ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். தவாளிப்பு வட்டு மாற்றுச் சொல்லாக நிற்கும். செயல்திறனை நீக்கியாயிற்று. நெளிவா விலகலா என்பதில் கொட்டாஞ்சேனையின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
— தொகுப்பாளர்