காலையில் கிளம்ப மறுக்கும் அவுட்போர்டு என்ஜின்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையொட்டி நாங்கள் ஓட்டும் ஃபைபர் படகில் 9.9 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின் (படகின் பின்புறம் வெளியே பொருத்துவது) உள்ளது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, விடியற்காலையில் சோக்கை (காற்றைக் குறைத்து எரிபொருளை மிகுதியாக்கும் விசையை) முழுவதும் இழுத்துவிட்டு இருபது முறையாவது கயிற்றை இழுத்தால்தான் அது கிளம்புகிறது. சோக்கை உள்ளே தள்ளியவுடன் நின்றுவிடுகிறது. சூடேறி வேகம் பிடித்துவிட்டால் எந்தக் குறையும் இல்லை என்பதால், குறைந்த வேகத்துக்கு எரிபொருள் தரும் பைலட் ஜெட் என்ற சிறு துளையில்தான் அடைப்பு இருக்கும் என்று கருதி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். அதில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் தண்ணீரும் கசடும் தேங்கியிருந்தன. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் என்று தெரிந்திருந்தும், பாதி நிரம்பிய டேங்கை இரண்டு மாதம் அப்படியே விட்டுவைத்தது என் தவறுதான்.

ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். பிளக்கையும் மாற்றினேன், பொறி நன்றாக வருகிறது. ஆயினும் குறை தீரவில்லை. எரிபொருள் குழாயிலுள்ள கை பம்பை அழுத்தி இறுக்கினாலும் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. இது பம்பின் வால்வு பழுதா, குழாய் இணைப்பில் காற்றுப் புகுவதா, அல்லது கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைக் கட்டுப்படுத்தும் மிதவையின் ஊசி வால்வு சரியாக மூடாததா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? கார்புரேட்டர் அடி கேஸ்கட்டில் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகட்டில்) காற்றுக் கசிந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றுமா? இத்தகைய என்ஜினைப் பிரித்துப் பழகியவர்கள், எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.