ஊழியர்களின் கட்சி நன்கொடை நிறுவனத்தின் பெயரில் போய்விட்டது – உதவி தேவை

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் சம்பளப் பட்டியல் போடுபவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

இடம் டர்பன், பீனிக்ஸ். தேர்தலுக்காக 86 ஊழியர்கள் ஒரே கட்சிக்கு மாதம் 500 ராண்ட் கொடுக்க எழுதிக் கொடுத்தார்கள். 2024 ஜனவரி முதல் மார்ச் வரை சம்பளத்தில் பிடித்து, மாதம் 43,000 ராண்டாக நிறுவனக் கணக்கிலிருந்தே அனுப்பினோம். மொத்தம் 129,000. கட்சியின் வங்கி அறிக்கையில் மூன்று வரி, மூன்றிலும் நிறுவனத்தின் பெயர் மட்டும். தனி ஆள் யாரும் 1,500-ஐத் தாண்டவில்லை. ஆனால் நிறுவனம் கொடுத்ததாக எடுத்தால், ஒரு நிதியாண்டுக்கு 100,000 என்று 2024-இல் இருந்த வெளிப்படுத்தல் வரம்பை (அதற்கு மேல் போனால் தேர்தல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும்) தாண்டிவிடுகிறது.

இன்னொரு குளறுபடி: பிடித்தத்தைச் சம்பள வரிக் கணக்கின் 4030 குறியீட்டில் போட்டிருந்தார்கள். அது வரிச் சலுகைக்கான 18ஏ சான்றிதழ் தரும் அறநிறுவனங்களுக்கானது, கட்சிக்குப் பொருந்தாது. வரி குறைவாகப் பிடிபட்டிருந்தது. அதை வரிக்குப் பிந்தைய பிடித்தமாக மாற்றி, ஐ.ஆர்.பி.5 (ஊழியரின் ஆண்டு வரிச் சான்றிதழ்) போகும் முன்பே திருத்தியாயிற்று.

செய்து பார்த்தவை: பெயர், தொகை, தேதியோடு பட்டியலும் கையெழுத்திட்ட 86 ஒப்புதல் தாள்களும் கட்சிப் பொருளாளருக்குப் போயின. வங்கியில் வந்த பெயருக்குத்தான் ரசீது என்கிறார். பணத்தைத் திருப்பி வாங்கித் தனித்தனியாக அனுப்பலாம் என்றோம், செலவாகிவிட்டதாம். ஏப்ரலிலிருந்து பிடித்தத்தை நிறுத்திவிட்டோம், அவரவர் வங்கியிலிருந்தே அனுப்பட்டும். பழையதுதான் தொங்குகிறது.

கேள்வி ஒன்றுதான்: இந்த 129,000 ராண்டை நிறுவனத்தின் நன்கொடையாகத் தேர்தல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டுமா, அல்லது ஒப்புதல் தாள்களை வைத்து 86 பேரின் நன்கொடையாகக் காட்ட முடியுமா?