டவுன்ஸ் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

நண்பர்களே, இங்கிலாந்தின் தென்கரை பற்றிய பயணக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். சவுத் டவுன்ஸ் என்ற பெயரில் மாட்டிக்கொண்டேன். டவுன் என்றால் கீழே என்றுதானே படித்தோம்? இதுவோ மேடு! பழைய ஆங்கிலத்தில் 'தூன்' என்றால் குன்று. 'குன்றிலிருந்து' என்ற தொடர் தேய்ந்துதான் 'கீழே' என்ற பொருளே பிறந்ததாம். அதை அறிந்த நாள் முதல் இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தீராத ஆசை.

இவை சுண்ணப்பாறைக் குன்றுகள். 300 மீட்டரைக்கூட எட்டாதவை. மரம் குறைந்து, புல் போர்த்தி, அலைபோல் ஏறி இறங்குபவை. காலங்காலமாக ஆடு மேய்ந்த நிலம். 'மலை' என்றால் மிகையாகிவிடும். 'கரடு' என்றால் பாறைதான் கண்ணில் நிற்கும். 'பொற்றை' அழகான சொல், ஆனால் எல்லா வட்டாரத்தாருக்கும் புரியுமா? இப்போதைக்குப் 'புல்மேடு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை.

ஊட்டிக்கு அருகிலும் வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளி இருக்கிறது. நீலகிரி நண்பர்கள் அத்தகைய நிலத்தை எப்படி அழைக்கிறீர்கள்? ஆடு மேய்ப்பவர்கள் வாயில் வழங்கும் சொல் ஏதேனும் உண்டா? எந்த ஊர் வழக்கு என்பதையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.