மறு: குவாலியாவுக்குத் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

குவாலியா (qualia: ஒரு வலியோ நிறமோ அதை அனுபவிப்பவருக்கு எப்படி இருக்கிறது என்னும் தன்மையைக் குறிக்கும் தத்துவச் சொல்) என்பதற்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எண்ணிப் பார்த்தேன். உணர்பண்பு, அகவுணர்வு, துய்ப்பு, நுகர்தன்மை, புலச்சுவை, அனுபவக்கூறு, உள்ளியல்பு, படுபண்பு, அப்புறம் பாதி விளையாட்டாக ஒருவர் போட்ட 'ஒருமாதிரி'. ஆக ஒன்பது. சொல்லுக்குப் பஞ்சமில்லை. எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதில்தான் நடுவழியில் பிரிந்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. ('படுகிறது' என்பதைக் கவனித்து வையுங்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.) பாதி மடல்கள் நனவுக்குச் சொல் தேடுகின்றன. மீதிப் பாதி புலனுணர்ச்சிக்குத் தேடுகின்றன. குவாலியா இரண்டுமே இல்லை.

மடலைப் படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தில் இமையின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். (மெல்ல! கண்ணில் கோளாறு உள்ளவர்கள் வேண்டாம்.) எதிர் ஓரத்தில் மங்கலாக ஒரு வளையம் தெரியும். அங்கே விளக்கும் இல்லை, வெளிச்சமும் இல்லை. விரலின் அழுத்தத்தை விழித்திரை ஒளி என்று கணக்கு எழுதிவிட்டது. அடி வாங்கியவர் 'கண்ணில் பொறி பறந்தது' என்பாரே, அதுவும் இந்த வகைதான்.

இனி கேள்விகளைப் பிரிப்போம். எவ்வளவு அழுத்தினால் வளையம் தோன்றுகிறது, எந்த இடத்தில், எத்தனை நொடி நிற்கிறது? இவை உளவியலாரின் கேள்விகள். தூண்டலுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள கணக்கை 1860-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் நூலாகவே எழுதிவிட்டார். இரண்டு எடைகளைத் தூக்கி 'இது சற்றுக் கனம்' என்று ஒருவர் சொல்லும் எல்லை எது என்று அளந்தார்கள். வேறுபாட்டை அளக்க முடிந்தது. கனமாக இருப்பது என்பது அவருக்கு எப்படி இருந்தது என்பது தராசில் ஏறவில்லை. 1913-இல் உளவியலாளர் வாட்சன் வந்து, உள்ளே பார்த்துச் சொல்வதெல்லாம் அறிவியலில் சேராது, நடத்தையை மட்டும் பார்ப்போம் என்று கதவைச் சாத்தினார். உளவியல் வெளியே தள்ளிய அந்த மிச்சத்தைத் தத்துவக்காரர்கள் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அந்த மிச்சத்துக்குப் பெயர்தான் குவாலியா. 1929-இல் கிளாரன்ஸ் லூயிஸ் எழுதியதிலிருந்து இந்தப் பொருளில் புழங்குகிறது. வேர் இலத்தீன், 'எத்தகைய' என்று கேட்கும் சொல்லிலிருந்து வந்தது.

அம்மா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> தத்துவவாதி தாமஸ் நேகலின் 1974 கட்டுரைத் தலைப்பைத் தமிழாக்கினால் 'வௌவாலாக இருப்பது எப்படி?' என்று வருகிறது. ஏதோ வௌவாலாக மாற வழி சொல்லும் கையேடு மாதிரி இருக்கிறது.

சிரித்துவிட்டேன் அம்மா. ஆனால் சிக்கல் தமிழில் இல்லை. 'What is it like to be a bat?' என்ற ஆங்கிலச் சொற்றொடரின் எலும்பை எண்ணி எண்ணி எடுத்து வைத்ததால் வந்தது. 'வௌவாலுக்கு எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். முடிந்தது. நேகல் பக்கம் பக்கமாக விளக்குவதை நான்காம் வேற்றுமை உருபு ஒன்று செய்துவிடுகிறது. எனக்குக் குளிர்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குப் பசிக்கிறது என்றுதானே சொல்கிறோம்? 'நான் குளிர்கிறேன்' என்றால் ஆறிப்போன பொருள் பேசுவது போல் இருக்கும். செய்கிறவன் ஒருவன், வந்து சேருவதை ஏற்கிறவன் இன்னொருவன் என்று நம் இலக்கணம் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. நாம் ஆக்கும் சொல் இந்தக் 'கு'வின் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை.

'ஒருமாதிரி' என்று எழுதியவரை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. வலியை மதிப்பிடும் வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்கும் வேலையில் சில மாதம் இருந்தேன். 1975-இல் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட வினாத்தாளில் வலிக்கு 78 சொற்கள், 20 தொகுதிகள். தமிழில் அத்தனைக்கும் எங்கே போவது என்று பயந்துகொண்டே உட்கார்ந்தோம். குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல், கடுப்பு, இழுப்பு, நமநம, திகுதிகு, சுருக்சுருக் என்று எழுத எழுத எங்களுக்குச் சொல் மிஞ்சியது, கட்டம்தான் போதவில்லை. முதல் வெள்ளோட்டத்தில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி வந்தார். பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குத்தலும் இல்ல, குடைச்சலும் இல்லப்பா. ஒரு மாதிரி இருக்கு" என்றார். எந்த மாதிரி என்றேன். "அத எப்படிச் சொல்றது? உனக்கு வந்தா தெரியும்." வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

பாட்டி சொன்னது குவாலியாதான். ஆனாலும் 'ஒருமாதிரி' கலைச்சொல்லாகத் தேறாது. 'ஆள் ஒரு மாதிரி' என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, வேட்பாளர்களுக்கு வருவோம்.

உணர் என்ற வேரில் பிறந்த சொற்கள் இரண்டையும் தள்ளிவிடலாம் என்பேன். சொல்லில் குற்றமில்லை, இடம்தான் நெரிசல். சினமும் அச்சமும் உணர்ச்சி. தொட்டால் தெரிவதும் உணர்ச்சி. மயக்கம் தெளிந்தால் உணர்வு வந்தது. மொழி பற்று வந்தாலும் உணர்வு. இதற்குமேல் அந்த வீட்டில் ஒரு ஆளைக் குடிவைக்க முடியாது.

'நுகர்தன்மை' பற்றி மருத்துவர் ஐயா எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. கூடுதலாக ஒன்று சொல்கிறேன். மணிமேகலையில் பன்னிரு சார்பு (ஒன்றிலிருந்து ஒன்றாகத் துன்பம் பிறப்பதாகப் பௌத்தம் சொல்லும் காரணச் சங்கிலி) வரும் வரிசையைப் பாருங்கள்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பாலி மொழியில் விஞ்ஞானம் என்பது உணர்வு. பஸ்ஸம் என்பது ஊறு. வேதனை என்பது நுகர்வு. புலனின் வாயில் வேறு, பொருள் வந்து படுவது வேறு, பட்டது இனிதாகவோ இன்னாததாகவோ இருப்பது வேறு என்று அன்றைக்கே மூன்றாக அறுத்து வைத்துவிட்டார்கள். நாம் பட்ட பாடு அதில் பாதி தீர்ந்திருக்கும். ஆனால் நுகர்வைப் பொருளியல்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். நுகர்வோர் என்றால் இன்று பொருள் வாங்குகிறவர். 'மேரியின் நுகர்தன்மை' (மேரி யார் என்பது கீழே வரும்) என்று தலைப்புப் போட்டால் சந்தை ஆய்வு என்று நினைப்பார்கள். ஊறு என்றாலோ ஊறு விளைவித்தல் மட்டும்தான் மிச்சம். நல்ல சொற்கள் இரண்டு, இரண்டும் கைவிட்டுப் போயின.

'துய்ப்பு' என்பவர்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. இன்பத்துக்கு மட்டும்தான் வரும் என்று எதிர்த்தவர்களுக்கு, வினைப்பயனைத் துய்த்தல் என்பதில் துன்பமும் சேர்த்தி என்று ஒருவர் பதில் சொல்லிவிட்டார். சரியான பதில். என் தடை வேறு இடத்தில். 1988-இல் தத்துவவாதி டேனியல் டென்னெட் குவாலியா என்று ஒன்றும் கிடையாது என்று வாதிட்டார். அவர் யாருக்கும் வலிக்கவில்லை என்று சொல்லவில்லை. வலிக்குள்ளே, பிறரால் அறிய முடியாத, சொல்லில் அடங்காத, தனக்கு மட்டும் நேரே தெரிகிற ஒரு பண்பு உட்கார்ந்திருக்கிறது என்கிறார்களே, அதைத்தான் மறுத்தார். 'துய்ப்பு இல்லை' என்று மொழிபெயர்த்தால் மனிதர் பித்துப் பிடித்தவர் போல் தெரிவார். ஒரு கொள்கையை மறுப்பவரும் கூச்சமில்லாமல் பயன்படுத்தக்கூடியதாக அதன் கலைச்சொல் இருக்க வேண்டும். ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் 'கடவுள்' ஒரே சொல்தானே? சொல்லுக்குள்ளேயே தீர்ப்பை எழுதி வைத்தால் விவாதம் தொடங்கும் முன்பே ஒரு கட்சி தோற்றுவிடும். ஆகவே 'பண்பு' என்ற பகுதி வேண்டும். இருப்பதாகச் சொல்வதும் இல்லை என்பதும் அந்தப் பண்பைப் பற்றித்தான். வண்ணம், வடிவு, அளவு, சுவை என்று தொல்காப்பியம் அடுக்குவது பண்பை. 'எத்தகைய' என்ற இலத்தீன் கேள்விக்கும் விடை பண்பு.

எஞ்சியவற்றில் என்னை இழுத்தது படுபண்பு. உண்மையைச் சொன்னால் மூன்று நாள் நானும் இந்தக் கட்சிதான். படு என்ற வினைக்குள் எல்லாம் இருக்கிறது: கண்ணில் படுகிறது, எனக்குச் சரியாகப் படவில்லை, பட்டவனுக்குத்தான் தெரியும், பட்டறிவு. முட்டுவது, தோன்றுவது, அனுபவிப்பது மூன்றும் ஒரே வேரில்; கூடவே அந்தக் 'கு'வும். ஆனால் வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். "படுபண்பா? படுமோசம், படுபாவி மாதிரியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அத்தோடு ஆசை விட்டது.

அதனால் பத்தாவதாக என் பங்குக்கு ஒன்று: உறுபண்பு.

'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்று தொல்காப்பிய மரபியலில் ஒரு நூற்பா தொடங்குகிறது. அங்கே உறுதல் தொடுவுணர்ச்சி மட்டும். வள்ளுவரும் 'கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்' என்று அதே பொருளில் வைக்கிறார். ஆனால் இன்புறு, துன்புறு, அச்சமுறு என்று வரும்போது உறுதல் ஐம்புலனையும் தாண்டி, ஏற்று அனுபவிப்பது எதற்கும் பொதுவாகிவிடுகிறது. உறுபண்பு வினைத்தொகை; உற்ற, உறுகின்ற, உறும் பண்பு. விரலை அழுத்தினீர்களே, அந்த வளையத்தின் மங்கல், பொருள் எதிலும் இல்லாத பண்பு. ஆனால் உங்களுக்கு உற்ற பண்பு.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தெரியும். 'உறு தவ நனி' மூன்றும் மிகுதிப் பொருள் தரும் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது; படுவை விரட்டிய அதே குற்றம் இதற்கும் இல்லையா? இருக்கிறது. 'உறுபசியும்' என்ற குறளில் உறு மிகுதிதான். அதே பொருட்பாலில் 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்னும்போது தானே வந்து சேரும் பொருள். வேறுபாடு என்னவென்றால், படுமோசம் தெருவில் உயிரோடு நடமாடுகிறது. மிகுதியைக் குறிக்கும் உறு பழைய பாட்டுக்குள் மட்டும் இருக்கிறது. இன்னொன்று, அவசரத்தில் படிப்பவர் 'உறுப்பு' என்று படித்துவிடலாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்த மேரிக்கு நிறம் பற்றிய இயற்பியலும் நரம்பியலும் அத்துப்படி. வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைப் பார்க்கும்போது அதுவரை அறியாத உறுபண்பு ஒன்றை அறிகிறாளா?

ஒருவர் சாமந்தியில் காணும் உறுபண்பை இன்னொருவர் ஊதாப்பூவில் காணலாம். இருவரும் நிறங்களுக்கு ஒரே பெயர்களையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உறுபண்பு என ஒன்றில்லை என்கிறார் டென்னெட்.

முதலாவது ஃபிராங்க் ஜாக்சன் 1982-இல் எழுப்பிய கேள்வி, இரண்டாவது 1690-இலேயே ஜான் லாக் எழுதிய ஐயம். மூன்றிலும் சொல் துருத்தவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவதைப் படித்து அவரைப் பித்தர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதல் தடவை வரும் இடத்தில் குவாலியா என்று பக்கத்தில் போட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. வெள்ளைச் சுவரில் ஒட்டிய சிவப்புத் தாளை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்தால் பச்சை கலந்த ஒரு திட்டு தெரியுமே, அந்தப் பச்சையைப் 'பண்பு' என்றால் எதனுடைய பண்பு? சுவரினுடையதா, என் பார்வையினுடையதா? பண்பு என்றால் பண்பி (அந்தப் பண்பை உடைய பொருள்) கேட்கும் நம் இலக்கணம். தத்துவ வகுப்பு எடுக்கும் அம்மா இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் என் வாக்கை ஞாயிறு வரை பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்.